கூரை ஒழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் மேஸ்திரிகளின் போன் ஓயாது. "மேல ஒழுகுது, வந்து பாருங்க" என்பதுதான் பெரும்பாலும் எல்லாரும் சொல்வது. அதை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறவர் ஒரு வாளி வாட்டர் புரூஃப் கோட்டிங்கோடு வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. எங்கே ஒழுகுகிறது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது, மழை விட்டால் நிற்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடித்தால் வருகிறது என்பதற்கெல்லாம் பதில் வைத்திருந்தால், கோட்டிங் தேவைதானா என்பதே சந்தேகமாகிவிடும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கூரை நட்டநடுவில் ஓட்டை விழுந்து ஒழுகுவது அபூர்வம். இரண்டு பொருள் கூடுகிற இடத்தில்தான் தண்ணீர் வழி பிடிக்கும்: தளமும் கைப்பிடிச் சுவரும், ஓடும் முகடும், ஷீட்டும் ஸ்க்ரூவும். இறங்கிய இடத்துக்கு நேர் கீழேயே சொட்டும் என்றும் இல்லை. கைமரத்தை, அதாவது ஓட்டுக் கூரையின் சாய்வு மரத்தை, பிடித்துக்கொண்டோ தளத்து விரிசலுக்குள் ஓடியோ நாலடி தள்ளி வந்து சொட்டும்.

உங்கள் கூரை எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் ஒன்று. மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடித்த பழைய மரத்தளம் இன்னொன்று. புதுச்சேரியின் பழைய வீதிகளில் இதுதான் அதிகம், பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அப்புறம் ஓடு: நாட்டு ஓடோ, சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடோ. கடைசியாக ஷீட்: சிமென்ட் ஷீட், ஜி.ஐ. ஷீட், கலர் ஷீட். கீற்றுக் கூரைக்கு அறிகுறி பார்த்து வைத்தியம் செய்ய எதுவும் இல்லை, காலாகாலத்தில் மாற்றி வேய்வதுதான்.

இந்தக் கடற்கரை இரண்டு விதமான அடியையும் வாங்கியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், மணிக்கு 120 முதல் 140 கி.மீ. காற்றோடு வந்து ஓட்டையும் ஷீட்டையும் பெயர்த்தெடுத்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. 1000 சதுர அடி மொட்டை மாடிக்கு அது 44,000 லிட்டருக்கு மேல். காற்றில் வெளிப்படும் கோளாறு வேறு, தேங்கிய தண்ணீரில் வெளிப்படும் கோளாறு வேறு. உங்கள் வீட்டுக்கு எந்தப் புயலில் தொல்லை வந்தது என்று யோசித்துப் பார்த்தாலே ஒரு துப்பு கிடைக்கும்.

முதல் வேலை: பென்சில்

ஈரம் தெரிந்ததும் அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதிவையுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டிப் பரவினால் மேலிருந்து புதுத் தண்ணீர் வருகிறது. மழையே இல்லாத பங்குனியிலும் பரவினால் கூரையை விட்டுவிட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் பாருங்கள். தொட்டி நிரம்பி வழிந்து தளத்தில் ஊறுவதைக் கூரை ஒழுகல் என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு.

மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் சொட்டுகிறது

கான்கிரீட் தளத்தில் அதிகம் வருவது இதுதான். கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். வெதரிங் கோர்ஸ் என்று எஸ்டிமேட்டில் எழுதுவது இதைத்தான். சுர்க்கி என்றும் சொல்வார்கள். அதன் மேல் 9 அங்குலச் சதுரத் தட்டோடு, முக்கால் அங்குலக் கனம். வெயிலைத் தடுப்பதும் தண்ணீருக்கு வாட்டம் கொடுப்பதும் ஜல்லி அடுக்கின் வேலை. தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது தட்டோடும் அதன் இணைப்பும்.

தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனால் ஜல்லி அடுக்கு பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்டாலும் அது சும்மா இருக்காது; கான்கிரீட்டில் எங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதோ அதன் வழியாக மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மழை முடிந்த மறுநாளும் சொட்டு நிற்பதில்லை. இந்த நிலையில் மேலே கோட்டிங் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் மேலே காய வழியில்லாமல் கீழே இறங்கும், இல்லையென்றால் வெயிலில் ஆவியாகி அந்தக் கோட்டிங்கையே கொப்புளமாகத் தூக்கிவிடும். மேஸ்திரியோடு பேச்சு இப்படிப் போகும்:

"தட்டோட்டைப் பேத்தா செலவும்மா. மேல ரெண்டு கோட்டு அடிச்சிடலாம்."

"சரிண்ணே, முதல்ல ரெண்டு ஓட்டை மட்டும் பேத்துப் பாப்போம். ஜல்லி காஞ்சிருந்தா நீங்க சொல்ற மாதிரியே அடிச்சிடலாம்."

இரண்டு ஓட்டைப் பெயர்க்கும் செலவு பெரிதில்லை. அதற்கும் முன்னால் நீங்களே பார்த்துவிடக்கூடியவை சில இருக்கின்றன.

மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். மூலையில் உட்கார்ந்து கையை விட்டால் என்னென்னவோ வரும்: வேப்பிலை, காய்ந்த பாசி, காகம் போட்டுவிட்டுப் போன எலும்பு, எங்கிருந்தோ பறந்து வந்த ஷாம்பு பாக்கெட். இத்தனையும் சேர்ந்து ஓர் அடையாகி வாயை மூடியிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வாய் அடைத்த மாடியில் பெருமழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்பது ஒன்றும் அதிசயம் இல்லை. குழாய் வாய் தளத்தைவிட அரை அங்குலம் உயரமாக வைக்கப்பட்டிருந்தால் அதுவும் குற்றமே. அதைச் சுற்றி எப்போதும் ஒரு குட்டை இருக்கும். 1000 சதுர அடி மாடிக்கு ஒற்றை 4 அங்குலக் குழாய் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

அடுத்தது வாட்டம். 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை இருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு என்றால் தாராளம். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கீழே ஈரம் தெரியும் அறைக்கு மேலேயோ அதை ஒட்டியோ ஒரு வட்டம் விழுந்திருந்தால் விஷயம் பாதி புரிந்துவிட்டது.

பிறகு சுத்தியல் பிடியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் விட்டுப்போனது 'டொக்கு டொக்கு' என்று பொந்தாக ஒலிக்கும். பொந்து ஓடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் மாற்றி, எல்லா இணைப்பையும் சுரண்டி எடுத்து, வாட்டர் புரூஃப் கலவை சேர்த்த சிமென்ட்டால் மறுபடி நிரப்பினால் போதும். பாதிக்கு மேல் பொந்து என்றால் ஜல்லி அடுக்கு தூளாகியிருக்கும், முழுதாக எடுத்துவிட்டுப் போடுவதே லாபம்.

புதிதாகப் போடும்போது அளவைக் கேளுங்கள். தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் வழக்கமான கணக்கு, 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12½ கன அடி நீற்றிய சுண்ணாம்பு. ஜல்லி 20 மி.மீ. அளவு, மணலே கிடையாது. கட்டையால் அடித்து அடித்து, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இன்று பலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போட்டு ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெடிக்கவும் செய்யும். கடற்கரை வெயிலில் சூடேறி நீண்டு சுருங்கும் தளத்துக்குச் சுண்ணாம்பின் நெகிழ்வு நல்லது என்பது என் கட்சி.

வேலை முடிந்ததும் தேக்கிப் பார்க்கும் சோதனை செய்யலாம். குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஓரிரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் கீழே கண்காணிப்பது. ஆனால் 5 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். கம்பி வெளியே தெரியும் தளத்திலும் பழைய மரத்தளத்திலும் இந்தச் சோதனை கூடவே கூடாது.

சுவரும் தளமும் சேரும் மூலையில் மட்டும் ஈரம்

கைப்பிடிச் சுவரின் அடியைப் பாருங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வெயிலில் ஒரே அளவு நீளுவதில்லை. அதனால் இரண்டும் சேரும் கோட்டில் படுக்கையாக ஒரு விரிசல் ஓடும். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல், குழிவாகச் சரித்துப் பூசியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைப்பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, கீழ் அறையின் சுவரில் ஆளுயரத்தில் வந்து நிற்கும். தலைப்பூச்சு மாடிப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். தெருப் பக்கம் சரிந்திருந்தால் வெளிச்சுவரில் கறுப்புப் பாசிக் கோடுகள் விழும்.

இதே கதைதான் டிஷ் ஆன்டெனா போல்ட், சோலார் கால், ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளை எல்லாவற்றுக்கும். பொருத்த வந்தவர் துளை போட்டுவிட்டுப் போய்விடுவார், மூடுவது உங்கள் பொறுப்பு.

சீலிங்கில் வெள்ளைப் பூ, வெள்ளை முடிச்சு

பூச்சில் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் ஈரத்தோடு வந்த உப்பு. துடைத்தால் போகும், மறுபடி பூக்கும். சொட்டும் இடத்தில் சிறு வெள்ளைக் குச்சியாகத் தொங்கினால், கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். பல மழைக்காலமாக அந்த வழி திறந்திருக்கிறது. பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

பூச்சு உப்பி விழுகிறது, உள்ளே துருப்பிடித்த கம்பி

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் வீட்டுக்கு வீடு பார்க்கக்கூடியது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான்.

முதலில் ஒரு நேர்கோட்டு விரிசல் வரும். கம்பி ஓடும் திசையிலேயே போகும். பிறகு அதன் ஓரத்தில் பழுப்புக் கறை. தட்டினால் பொந்துச் சத்தம். கடைசியில் ஒரு நாள் இரவு தட்டு அளவுக்குக் கான்கிரீட் கட்டி கட்டிலில் விழும். இரும்பு துருவாகும்போது முன்னிருந்த இடத்தைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் உடைகிறது.

துருவுக்குக் காரணம் உப்பு. கடல்காற்று கொண்டுவந்த உப்பு ஒரு பக்கம். கட்டும்போதே உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரைக் கலவையில் ஊற்றியது இன்னொரு பக்கம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. கம்பிக்கு வெளியே எத்தனை கனம் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கவரிங் என்று சொல்வது இதைத்தான். சாதாரண இடத்தில் 20 மி.மீ., கடற்கரைக் காற்று நேரே படும் இடத்தில் 45 மி.மீ. நடப்பில் கவரிங் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்து, கான்கிரீட் கொட்டும்போது அதையும் மிதித்துத் தள்ளிவிட்டு, கம்பி, கான்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டும் சென்ட்ரிங் பலகையிலேயே படுத்துக் கிடக்கும். சீலிங்கில் கம்பியின் வடிவம் கோடு கோடாகத் தெரியும் வீடுகளெல்லாம் அப்படிப் போடப்பட்டவை.

இதற்கு மேலே சிமென்ட் பூசி வெள்ளை அடிப்பது எதற்கும் உதவாது. துரு உள்ளேயே வளரும். முறை இதுதான். முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுங்கள். கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்கு உடைத்தெடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தேய்த்துவிட்டுப் பின்பக்கத் துருவை விட்டால் வேலை வீண். ஒயர் பிரஷ்ஷால் இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த கலவையால் அடுக்கடுக்காக நிரப்புவது. கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா, எங்கே கட்ட வேண்டும் என்பது அவர் சொல்ல வேண்டியது.

ஒட்டுப் போட்டு இரண்டே வருடத்தில், அதே இடத்தில் இல்லாமல் அதைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் வந்தால் மேஸ்திரியைத் திட்டாதீர்கள். அவர் வேலை சரியாக இருந்ததால்கூட அப்படி நடக்கும். பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. முன்பு ஒரே இடத்தில் வேகமாக அரித்துக்கொண்டிருந்த கம்பி, தன்னை ஒட்டியிருந்த பகுதியை ஒரு விதத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து மூடியதும் அரிப்பு பக்கத்துக்கு மாறிவிடுகிறது. அதனால் தட்டிப் பார்க்கும்போது பொந்து கேட்கும் எல்லையோடு நிறுத்தாமல், துருக்கறை இல்லாத சுத்தமான கம்பி தெரியும்வரை உடைத்துக்கொண்டு போவதுதான் சரி. மேலே தண்ணீர் இறங்கும் வழியையும் அதோடு சேர்த்து அடைக்காமல் கீழே மட்டும் செய்வது பாதி வேலை.

சன்ஷேட்டின் மேல்பக்கம், சுவரை ஒட்டி விரிசல்

இதில் தாமதம் வேண்டாம். தளத்தில் கம்பி அடிப்பக்கம் இருக்கும்; சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட்டில் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிப்போயிருந்தால் சன்ஷேட் வெறும் கல்லாகத்தான் நிற்கிறது. மேலே ஏறாதீர்கள், பூந்தொட்டி வைக்காதீர்கள், கீழே பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய மரத்தளம்: மண் உதிர்கிறது, தளம் தொய்கிறது

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் உத்திரங்கள், அவற்றின் குறுக்கே நெருக்கமாக மரச் சட்டங்கள், அதன் மேல் குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாக நிற்கும் மெல்லிய செங்கற்கள். ஆச்சிக்கல் என்பார்கள். அதற்கு மேலே ஜல்லி சுண்ணாம்பு, தட்டோடு. இந்தத் தளத்தில் ஆபத்தான இடம் உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. அங்கே ஈரம் கோத்தால் மரம் உள்ளேயே இற்றுப்போகும், வெளியில் பளபளப்பாக வார்னிஷ் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையில் அழுத்துங்கள். மரம் தடுத்தால் நல்லது. கேக்கில் கத்தி இறங்குவது போல அழுந்தி உள்ளே போனால் முட்டுக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. சுவரோடு ஒட்டி ஏறும் கரையான் மண்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

செங்கல்லுக்கு இடையே சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தால், மேலே சிமென்ட் கான்கிரீட் கொட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பாரம் ஏறும், அதோடு சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் அதை அடைத்து மரத்துக்குள் தள்ளும். கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகர மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரையே தேடுங்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிப் பிரிவுக்கு இத்தகைய வீடுகளைப் புதுப்பிப்பதில் பல ஆண்டு அனுபவம் உள்ளது.

ஓட்டு வீடு: காற்றோடு மழை வந்தால் மட்டும் ஒழுகுகிறது

நேராகப் பெய்யும் மழைக்கு ஒழுகாமல், கிழக்குக் காற்று தள்ளும் மழைக்கு மட்டும் ஒழுகினால் ஓடு உடையவில்லை. சரிவு போதாமல் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறுகிறது, அல்லது முகட்டு ஓட்டின் சுண்ணாம்புப் பூச்சு வெடித்திருக்கிறது. மங்களூர் ஓட்டுக்குச் சரிவு 25, 30 டிகிரியாவது வேண்டும். வைசியாள் வீதிப் பக்கம் தெருவை ஒட்டி இறங்கும் தாழ்வாரங்களில் பின்னால் சேர்த்த பகுதிகள் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். அங்கே ஓட்டுக்கு அடியில் ஒரு தகடு கொடுப்பதைத் தவிர வழியில்லை.

ஒரே இடத்தில் மட்டும் சொட்டினால் பகலில் விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள், வெளிச்சப் புள்ளி காட்டிக்கொடுக்கும். தேங்காய் விழுந்தோ பூனை நடந்தோ நகர்ந்த ஓடாக இருக்கும். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்துக்குக் கூடல்வாய் என்று பெயர். அந்த இடத்துத் தகட்டில் இலை அடைத்தால் தண்ணீர் இரு பக்கமும் வழிந்து வீட்டுக்குள் இறங்கும். ஒழுகல் கூடல்வாயை ஒட்டி இருந்தால் ஓட்டை மாற்றுவதற்கு முன் துடைப்பத்தை எடுங்கள்.

ஓடுகள் வரிசை வரிசையாகக் கீழே நழுவியிருந்தால் குறை ஓட்டில் இல்லை. அவற்றைத் தாங்கும் ரீப்பர் இற்றிருக்கும், அல்லது அதற்கும் கீழே உள்ள கைமரம் தொய்ந்திருக்கும். 100 சதுர அடிக்கு 140, 150 மங்களூர் ஓடு பிடிக்கும், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். நனைந்தால் இன்னும் கனக்கும். மரம் தாங்குமா என்று பார்க்காமல் ஓட்டை மட்டும் புதிதாக்கிப் பயனில்லை. நாட்டு ஓடு என்றால் வைகாசி, ஆனியில் ஆள் விட்டு மாற்றி அடுக்குவது இந்தப் பக்கம் வழக்கம், இப்போது அந்த வேலை தெரிந்த ஆட்கள்தான் குறைவு.

ஷீட்: மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது

மார்கழி, தை மாதப் பனியில் இரும்பு ஷீட் இரவில் சில்லிட்டுப்போகும். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும். ஒழுகல் என்று ஸ்க்ரூவுக்கெல்லாம் பசை தடவிக்கொண்டிருக்காதீர்கள். முகட்டுக்கு அருகே காற்று வெளியேற வழி விடுங்கள், முடிந்தால் அடியில் இன்சுலேஷன் கொடுங்கள். காலையிலும் மாலையிலும் 'டப் டப்' என்று கேட்பதும் கோளாறு இல்லை. 20 அடி ஷீட் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். ஆனால் வருடக்கணக்கில் இப்படி நீண்டு சுருங்கி ஸ்க்ரூ துளையை அகலமாக்கிவிடும். மழையில் சொட்டுவது நேராக ஸ்க்ரூ வரிசையிலேயே இருந்தால் இதுதான்.

ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். அது பிதுங்கி வெளியே வந்திருந்தால் மெஷினை அளவுக்கு மீறி அழுத்தி முறுக்கியிருக்கிறார்கள். ஆடினால் குறைவாக முறுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து, ஒரு சுற்றுப் பெரிய ஸ்க்ரூ, புது வாஷர். ஷீட்டும் ஷீட்டும் ஏறும் இடத்தில் நீளவாக்கில் 6 அங்குலமாவது மேலேறியிருக்க வேண்டும்.

துரு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். ஷீட் முழுதும் சிறு பழுப்புப் புள்ளிகள் என்றால் கிரைண்டரில் வெட்டியபோது தெறித்த இரும்புப் பொறி. சுத்தமாகப் பெருக்கியிருந்தால் வந்திருக்காது. சிமென்ட் பூச்சு ஒட்டிய ஓரத்தில் அரிப்பு என்றால், அலுமினியமும் துத்தநாகமும் பூசிய கலர் ஷீட்டுக்கு ஈரச் சிமென்ட்டின் காரம் ஆகாது. கடற்கரை வீடுகளில் இறவாரத்தின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட முதலில் துருப்பிடிக்கும். மேல்பக்க உப்பை மழை கழுவிவிடுகிறது, அடிப்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பீய்ச்சிவிட்டாலே ஆயுள் கூடும்.

வாங்கும்போது கடையில் '0.50' என்பார்கள். அது பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பின் கனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் முக்கியம். கடற்கரைக்கு ஏஇசட் 150, அதாவது 150 கிராம், கேளுங்கள். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் 70.

சிமென்ட் ஷீட் விரிசல் விட்டால் வேறு கவனம். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும், அதன் தூசி நுரையீரல் புற்றுநோய்க்கு வழி. காய்ந்த ஷீட்டைத் துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்குங்கள். மேலே ஏறுகிறவர் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஷீட்டில் நேரடியாகக் கால் வைத்து உள்ளே விழுந்து உயிர் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

காற்றுக்கு ஓரம் தூக்குகிறது

கட்டடப் பாரங்களுக்கான தர விதியான ஐ.எஸ். 875-இன் காற்று வரைபடத்தில் இந்தக் கடற்கரை நொடிக்கு 50 மீட்டர் பட்டியில் வருகிறது. அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகம். புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. அந்த இழுவை அதிகம் விழுவது ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும். ஆகவே நடுவில் இருக்கும் இடைவெளியிலேயே ஓரத்திலும் ஸ்க்ரூ அடித்திருந்தால் போதாது, அங்கே நெருக்கமாக அடிக்க வேண்டும். இறவாரம் இரண்டடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் காற்றுக்குப் பிடி கொடுத்த மாதிரி. ஷீட் மேல் கல்லும் மணல் மூட்டையும் டயரும் அடுக்கி வைப்பதைப் பார்க்கிறோம். சாதாரணக் காற்றுக்குச் சரி, புயலில் அந்தக் கல்லே பறந்து பக்கத்து வீட்டில் விழும். ஷீட் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் பிடித்திருக்கிறது, பர்லின் தூணில் பிடித்திருக்கிறது, தூண் தரையில் பிடித்திருக்கிறதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே போங்கள். பெரும்பாலும் தரையில்தான் பிடிப்பு இருக்காது.

மாடி அறை வேகிறது

கோளாறு என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காதவர் இல்லை. வெள்ளைக் கூலிங் பெயிண்ட் உடனடி வித்தியாசம் காட்டும். கடல் தூசியும் பாசியும் படிந்தால் குறைந்துவிடும், வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். ஜல்லி அடுக்கு இல்லாத தளத்துக்கு அதைப் போடுவதே நீண்டநாள் தீர்வு.

மழை நடுவில் செய்யக்கூடியது

ஃபேன் கொக்கி அருகிலோ லைட் அருகிலோ சொட்டினால் முதலில் மெயினை அணையுங்கள். குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள், அதுவே பல நேரங்களில் அன்றைய சொட்டை நிறுத்தும். தார்ப்பாய் விரித்தால் ஒழுகும் இடத்துக்கு மேல் மட்டும் விரிக்காமல், வாட்டத்தின் மேல்பக்கம் முகடு வரைக்கும் அல்லது கைப்பிடிச் சுவர் மேலேறும் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டுங்கள். நடுவில் விரித்தால் தண்ணீர் அதன் அடியில் புகுந்துவிடும். ஈரத் தளத்தில் கோட்டிங் பிடிக்காது, அடிக்க வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். சுண்ணாம்பு வேலை மாசியில் தொடங்கி ஆடிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் கூப்பிட்டால் மேஸ்திரி வருவார்தான், ஆனால் அவர் செய்யக்கூடியது தார்ப்பாய் கட்டுவதும் தேதி குறித்துக்கொண்டு போவதும்தான்.